மிஷன் டைரக்டருக்கு ஒரு தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமைக்குள்

கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஏவூர்தி (ராக்கெட்) உருவாக்கும் குழுவை யார் யார் வழிநடத்துகிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சார்ட் எழுதுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து ஏவூர்தியை உருவாக்குபவர் புராஜெக்ட் டைரக்டர். அவர் திட்ட இயக்குநர், சரி. குறிப்பிட்ட ஒரு பயணத்தின் பொறுப்பை ஏற்று, கடைசியில் 'ஏவலாம்' என்று அனுமதி தருபவர் மிஷன் டைரக்டர். அவருக்கு என்ன எழுதுவது? முதல் கட்டத்தை நிரப்பிய பெண் ஸ்கெட்ச் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

குன்னூரிலிருந்து:
டீச்சர், 'ஏவல் தலைவர்'. ஏ என்றாலும் ஏவு என்றாலும் அம்புதான். ஏவுதல் கட்டளையிடுதலும் ஆகும். வா, நட என்பவை ஏவல் வினை இல்லையா? செலுத்துவது, ஆணையிடுவது இரண்டும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

கூடலூரிலிருந்து:
இலக்கணம் சரிதான் அண்ணே. ஆனால் ஏவல் என்றதும் ஊரில் பில்லி சூனியம்தான் ஞாபகம் வரும். பேசாமல் மிஷன் டைரக்டர் என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும்.

ஊட்டியிலிருந்து:
அப்படியே எழுதுவதென்றால் நாம் கூடிப் பேசுவதே வேண்டாமே. நம்மிடம் 'செலவு' இருக்கிறது. பொருள் தேடிப் பிரியும் தலைவனின் பயணத்துக்குச் சங்க இலக்கியத்தில் அதுதான் பெயர். கிளம்பியவன் தயங்கி நிற்பது செலவழுங்கல். நிற்பது போகாமை அல்ல, தலைவியைத் தேற்றிவிட்டுப் போகவே நிற்கிறான் என்று தொல்காப்பியத்தின் கற்பியல் சொல்கிறது. 2019 ஜூலை 15 அன்று சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் 24 நொடி இருந்தபோது நிறுத்தினார்கள். 22ஆம் தேதி போனது. அது செலவழுங்கல்தானே? 1979 ஆகஸ்ட் 10 அன்று கணினி நிறுத்தியும் கலாம் ஏவச் சொன்னார், எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி வங்கக் கடலில் விழுந்தது. அழுங்குவதா போவதா என்று முடிவெடுப்பவர் 'செலவு முதல்வர்'.

கோத்தகிரியிலிருந்து:
ஐயா, செலவழுங்கலை வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் கண் விரியக் கேட்டார்கள். ஆனால் செலவு முதல்வர் என்றதும் "கணக்கு எழுதுறவரா மிஸ்?" என்றாள் அந்தப் பெண். அப்புறம், நீங்கள் சொன்ன 1979இலேயே எனக்கு வேறொன்று படுகிறது. அன்று புராஜெக்ட் டைரக்டர், மிஷன் டைரக்டர் இரண்டு பொறுப்பும் கலாமிடம்தான் இருந்தன. ஆனால் செய்தியாளர்கள் முன் தோல்வியைத் தன் தோளில் ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்ததும் கலாமைப் பேசச் சொல்லிவிட்டார். குழுவை நடத்துவது என்றால் அதுதான். இயக்குநர், முதல்வர் என்ற சொற்களில் அது இல்லை; 'பொறுப்பாளர்' என்பதில் இருக்கிறது. 'ஏவுதல் பொறுப்பாளர்' என்று எழுதட்டுமா?

கூடலூரிலிருந்து:
எழுதுங்கள். சொன்னால் புரிகிறது, அது போதும்.

குன்னூரிலிருந்து:
எனக்கும் சம்மதம். ஏவு மிச்சமிருக்கிறதே.

கோத்தகிரியிலிருந்து:
எழுதியாயிற்று. பனிமூட்டம் இறங்கியதில் பசை காயவில்லை, சார்ட்டை அடுப்படிப் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறோம்.

ஊட்டியிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. ஏவுதல் ஒரு கணம். செயற்கைக்கோளைப் பத்திரமாகப் பிரித்துவிடும்வரை அவருக்கு வேலை இருக்கிறது. அந்த நீளம் செலவில்தான் வருகிறது. சார்ட்டில் இடம் மீந்தால், செலவழுங்கலையாவது ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள் டீச்சர்.