வயலோரத்துப் பன்றிக் கொட்டிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலும்

கேள்வி (தம்பலகாமம்):
வணக்கம். எங்கள் வீடு வயலை ஒட்டியது. வளவில் நான்கு மாடுகள் நிற்கின்றன. வாய்க்காலுக்கு அப்பால் ஒருவர் இந்த ஆண்டு பன்றி வளர்க்கத் தொடங்கியுள்ளார். சென்ற வாரம் அவருடைய தாய்ப்பன்றி ஈன்ற குட்டிகளில் பல செத்தே பிறந்தன. சில கறுத்துச் சுருங்கிக் கிடந்தன. பெரும்போகத்துக்குத் தண்ணீர் கட்டியது முதல், பொழுது சாய்ந்ததும் மாடுகளின் வயிற்றடியில் நுளம்பு புகை போல மொய்க்கிறது. என் மகளுக்கு 14 மாதம். ஊசிக்குரிய நாளில் காய்ச்சல் இருந்ததால், 12 மாதத்தில் போடும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி தள்ளிப்போனது. மாடுகளிலிருந்து இந்த நோய் பிள்ளைக்கு வருமா?

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
சகோதரி, மாடுகளைப் பற்றிய அச்சம் வேண்டாம். நுளம்பு மாட்டை விரும்பிக் கடித்தாலும், மாட்டின் இரத்தத்தில் இந்த வைரசு அடுத்த நுளம்புக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. பெருகும் இடம் பன்றியும், வயலில் இறங்கும் கொக்கு, நாரை போன்ற பறவைகளும்தான். கொக்கிலிருந்து கியூலெக்ஸ் நுளம்பு எடுத்துவரும் வைரசு பன்றியின் உடலில் சில நாட்களில் பலமடங்காகி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான நுளம்புகளுக்குப் போய்ச் சேர்கிறது. மனிதனும் குதிரையும் கடுமையாக நோய்வாய்ப்பட்டாலும், அவர்களோடு அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. ஆகவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. வேகவைத்த இறைச்சியாலும் வராது.

நீங்கள் விவரித்த குட்டிகளின் நிலை இந்த வைரசினாலும் ஏற்படும், பார்வோ வைரசு போன்ற வேறு காரணங்களாலும் ஏற்படும். பரிசோதனையின்றி முடிவு சொல்ல முடியாது. அயலவரோடு மனக்கசப்பு வராதபடி, அவரையே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்கச் சொல்லுங்கள்.

பதில் 2 (கந்தளாய்):
1985இல் அநுராதபுரம் மாவட்டத்தில் இந்த நோய் பெரிதாகப் பரவியபோது என் பெரியம்மாவின் மகன் அங்கே படித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல், தலையிடி, வாந்தி என்று தொடங்கி, மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. உயிர் தப்பினான். ஆனால் இன்றும் வலது கையால் கோப்பையைப் பிடிக்க மாட்டான். சோற்றைப் பெரியம்மாதான் பிசைந்து கொடுப்பார். தொற்றியவர்களில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கே நோய் கடுமையாகிறது என்பது உண்மைதான். அந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தராது.

பதில் 3 (குடும்பநல உத்தியோகத்தர்):
தங்கச்சி, ஊசி தவறிப்போகவில்லை, தாமதம் மட்டுமே. பிள்ளைக்கு இப்போது காய்ச்சல் இல்லையென்றால், அட்டையோடு அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கென்று தனி மருந்து கிடையாது. ஆகையால் தடுப்பூசியே முதற்காவல். இந்த நுளம்பு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும் என்பதால், பிள்ளையை மாலையிலேயே வலைக்குள் படுக்க வையுங்கள். டெங்குவுக்குச் செய்வதுபோல் சிரட்டையையும் டயரையும் கவிழ்ப்பதால் மட்டும் இது அடங்காது, ஏனெனில் இது வளர்வது வயல் நீரில். காய்ச்சலோடு அசாதாரணமான தூக்கமோ வலிப்போ கண்டால், ஒரு மணி நேரமும் காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. மாடுகளை வீட்டுச் சுவரோரத்திலிருந்து வளவின் மறுகோடிக்கு மாற்றிக் கட்டிவிட்டோம். பன்றி வளர்ப்பவரிடம் என் கணவர் பேசினார். நாளை அலுவலகத்துக்குப் போவதாகச் சொன்னார்.