கார் கதவைப் பூட்டாத ஊர்

கனடாவின் வின்னிபெக்குக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் கழித்துத்தான் சர்ச்சில் என்ற ஊருக்குப் போக வாய்த்தது. மனிடோபா மாகாணத்தின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் ஊர். 2021 கணக்கெடுப்பில் மொத்தமே 870 பேர். சாலை கிடையாது; விமானம் அல்லது ரயில்தான். நான் ரயிலில் போனேன். சுமார் 1,700 கிலோமீட்டர், இரண்டு இரவுகள். வடக்கே போகப் போக உறைந்த மண்ணின் மேல் தண்டவாளம் என்பதால் வண்டி ஊர்ந்துதான் போகும். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். காற்றடிக்கும் பக்கத்தில் கிளையே இல்லாமல் கம்பத்துக் கொடி மாதிரி நிற்கும். அதைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம்.

அக்டோபர் கடைசி வாரம் அது. தங்கிய வீட்டு அம்மா சாவி கொடுக்கும்போதே சொன்னார்: "இருட்டின பிறகு நடக்காதீங்க. கரடியைப் பார்த்தா பக்கத்துல நிக்கிற எந்தக் கார்லயாவது ஏறிக்கோங்க. யாரும் பூட்டியிருக்க மாட்டாங்க."

கோடையில் கடல்பனி உருகியதும் பனிக்கரடிகள் கரையேறிவிடும். கடல் மறுபடி உறைந்தால்தான் சீல் வேட்டை; அதுவரை மாதக்கணக்கில் கிட்டத்தட்டப் பட்டினிதான். ஆற்றின் நன்னீர் கலப்பதால் சர்ச்சில் பக்கம் கடல் சீக்கிரம் உறையும். அதனால் இந்த மாதங்களில் அவை இங்கேதான் காத்துக் கிடக்கும்.

இரண்டாம் நாள் மாலை கரையோரப் பாறைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் குறைந்தது தெரியவில்லை. பின்னால் ஒரு பிக்கப் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார். ஏறியதும் கைகாட்டினார். நான் வெள்ளைப் பாறை என்று நினைத்திருந்தது எழுந்து நடந்தது! கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. அவர் திட்டவில்லை. வீட்டு வாசலில் இறக்கி, நான் உள்ளே போகும் வரை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்பது இன்றும் எனக்கு வருத்தம்.

அப்புறம் 31ஆம் தேதி, ஹாலோவீன். குழந்தைகள் வேஷம் கட்டி வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊரைச் சுற்றிக் காவல் வண்டிகள், கரடி உள்ளே வராமலிருக்க. பெரியவர்கள் எல்லோரும் முறைபோட்டு நிற்கிற மாதிரி இருந்தது. மைனஸ் குளிரிலும் அந்தத் தெருக்களில் ஒரு திருவிழாக் களை.

ஊர்ப் பொது வளாகத்தில் பள்ளி, நூலகம், பனிச்சறுக்கு மைதானம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அங்கே ஒரு பெரியவர் 2017 வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். தண்டவாளம் அடித்துப் போய், ஒன்றரை வருடம் ரயிலே இல்லை. சரக்கு விமானத்தில் வந்ததால் விலை தாங்க முடியவில்லையாம். "சிலர் ஊரைவிட்டுப் போனாங்க. நாங்க இருந்துட்டோம்" என்றார். குரலில் பெருமையும் இல்லை, புகாரும் இல்லை.

திரும்பும் வண்டி இரவில். ஸ்டேஷன் ஐந்து நிமிட நடைதான், ஆனாலும் வீட்டு அம்மா காரில் கொண்டுவந்து விட்டார். கையில் இரண்டு நாளைக்கான ரொட்டிப் பொட்டலம். "ஜூலையில வாங்க, ஆத்துல பெலுகா திமிங்கிலம் ஆயிரக்கணக்குல வரும்" என்றார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன்.