வேட்டையை நிறுத்தினால் மந்தை பெருகுமா? அலாஸ்காவின் காட்டுச் செம்மறியும் ஆனைமலை வரையாடும்

கேள்வி: பொள்ளாச்சித் தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் டால் செம்மறி எனப்படும் வெள்ளைக் காட்டுச் செம்மறிகள் வெகுவாகக் குறைந்துபோனதால், புரூக்ஸ் மலைத்தொடரின் நடுப்பகுதியில் கூட்டரசுக்குச் சொந்தமான பொது நிலங்களில் 2022 முதல் 2024 வரை அவற்றின் வேட்டை எல்லோருக்கும் நிறுத்தப்பட்டது என்று படித்தேன். அதை எதிர்த்தவர்களின் வாதம்தான் என்னை யோசிக்க வைத்தது. ஆடுகள் குறைந்ததற்கு வேட்டை காரணமில்லை, ஆகவே வேட்டையை நிறுத்துவதால் அவை கூடப்போவதும் இல்லை என்கிறார்கள்.

நம் பக்கத்தில் வரையாட்டை வேட்டையாடுவதற்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை விதித்து, அதை முதல் அட்டவணையில் வைத்து, அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அதற்குப் பிறகும், மாநில விலங்கு என்ற பெருமை பெற்ற இந்த ஆட்டுக்காக 2022 டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் தனியாக ஒரு திட்டம் அறிவிக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? தடை மட்டும் போதும் என்றால் இதற்குள் மலையெல்லாம் வரையாடு நிறைந்திருக்க வேண்டாமா?

இன்னொரு ஐயமும் உண்டு. தமிழகத்தில் 2024-இல் 1,031 வரையாடுகள் என்றும் 2025-இல் 1,303 என்றும் கணக்கு வெளிவந்தது. ஒரே ஆண்டில் கால் பங்குக்கு மேல் கூடியதாகக் கொள்ளலாமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: கோவை வழக்கறிஞர்

முதலில் அலாஸ்காவின் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அங்கு எதைத் தடுத்தார்கள் என்பது தெரிந்தால்தான் எதிர்ப்பாளர்களின் வாதம் விளங்கும். அம்மாநிலத்தின் பெரும்பாலான பகுதிகளில் நீண்ட காலமாக உள்ள விதிப்படி எல்லா ஆட்டையும் சுட்டுவிட முடியாது. கிடாவின் கொம்பு முழு வட்டமாகச் சுருண்டிருக்க வேண்டும், அல்லது இரு கொம்புகளின் நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது கொம்பில் உள்ள வளையங்களை எண்ணிப் பார்த்தால் குறைந்தது 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பெட்டைகளும் குட்டிகளும் இளங்கிடாக்களும் இந்த விதிக்குள் வருவதே இல்லை. முதிர்ந்த கிடாக்களில் சிலவற்றை எடுத்தாலும் பெட்டைகள் சினைப்படுவது குறையாது என்பதால், வேட்டையால் மந்தை தேயாது என்று மாநில அரசின் உயிரியலாளர்கள் வாதிட்டார்கள். அந்த அளவில் அது சரியான வாதம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆடுகளைக் கொன்றது பருவநிலை. வசந்தம் தாமதமாக வந்த ஆண்டுகளில் பிறந்த குட்டிகள் பிழைக்கவில்லை. குளிர்காலத்தின் நடுவே பனியின் மேல் மழை பெய்து, அது இறுகிக் கண்ணாடிபோல ஆகிவிட்டால், குளம்பால் பறித்து அடியில் உள்ள புல்லை எடுக்க ஆட்டால் முடிவதில்லை. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 2013-இல் ஒரு மலையில் குட்டிகள் பிழைக்காமல் போனால், வேட்டைக்காரர் அதை உணர்வது 2021-இல்தான். ஏனெனில் அவர் தேடும் 8 வயதுக் கிடா அந்த ஆண்டுதான் இல்லாமல் போகும். வேட்டைத் தடை பற்றிய சண்டை எப்போதும் காலம் கடந்து தொடங்குவதற்கு இதுவே காரணம். மேற்குப் புரூக்ஸ் பகுதியிலும் சரிவு வந்து, 2014-இல் அங்கு வேட்டையை நிறுத்தினார்கள்.

அப்படியானால் நடுப்பகுதியில் தடை எதற்கு? அது டால்டன் நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. சாலை இருப்பதால் வெளியூர் வேட்டைக்காரர்கள் எளிதாக வந்து சேர முடிகிறது. மேலும், 1980-இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், பொது நிலங்களில் உணவுக்காக வேட்டையாடும் நாட்டுப்புற மக்களுக்கு முன்னுரிமை தருகிறது. ஆடு கொஞ்சமாகிவிட்டபோது, முதிர்ந்த கிடாக்கள் ஏறக்குறைய அனைத்தும் சுடப்பட்டுவிட்டால், இணைசேரும் பருவத்தின் பளு முழுவதும் இளங்கிடாக்கள் மேல் விழுந்து, அவை குளிர்காலத்தைத் தாங்காமல் போகலாம் என்ற அச்சமும் இருந்தது. தடை மந்தையைப் பெருக்கும் என்பதைவிட, இருப்பது மேலும் குறையாமல் காக்கும் என்பதே என் புரிதல்.

நம் சட்டத்துக்கும் அதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்குக் கூட்டரசு நிலத்துக்கு ஒரு விதி, பக்கத்து மாநில நிலத்துக்கு வேறொரு விதி. இங்கோ, வரையாடு காப்புக்காட்டில் நின்றாலும் தேயிலைத் தோட்டத்தின் தனியார் நிலத்தில் நின்றாலும் தடை ஒன்றுதான். நில எல்லையைச் சொல்லி யாரும் தப்ப முடியாது.

பதில் 2: ஈரோட்டு வாசகர்

மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். பாகிஸ்தானில் மலைப்பகுதிகளில் மார்க்கோர் எனப்படும் காட்டு ஆட்டுக்கு மிகக் குறைந்த எண்ணிக்கையில் வேட்டை உரிமம் விற்று, அந்தத் தொகையில் 80 விழுக்காட்டை உள்ளூர் மக்களுக்கே கொடுக்கிறார்கள். வருமானம் வருவதால் ஊரே காவல் காக்கிறது. முழுத்தடை ஒன்றே வழி என்று நாம் ஏன் எண்ண வேண்டும்?

பதில் 3: வால்பாறை எஸ்டேட்காரர்

ஈரோட்டு நண்பருக்கு: எங்கள் பக்கம் வந்து ஒருமுறை பார்த்துவிட்டு இதைச் சொல்லுங்கள். ஆழியாற்றிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், காலை வெயில் படும் நேரத்தில், வரையாடு சாலையோரக் கைப்பிடிச் சுவரின் மேலேயே ஏறி நிற்கும். கார் நின்றால் ஓடாது. கதவு திறக்கும் ஓசைக்குத் தலையைத் திருப்புமே ஒழிய, இறங்கிப் போகாது. சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும் உப்பை நக்குவதை நான் பார்த்திருக்கிறேன். மனிதனைக் கண்டு அஞ்சாத இந்த நிலை, இங்குத் துப்பாக்கி ஓய்ந்து இரண்டு மூன்று மனிதத் தலைமுறை ஆனதன் விளைவு. உரிமம் கொடுத்துச் சுடச் சொன்னால் அதற்கு வேட்டை என்று பெயர் வைக்கவே முடியாது.

மந்தைகள் பெரியனவாகவும் தொடர்ச்சியாகவும் இருக்கும் மலைக்கு அந்தத் திட்டம் பொருந்தலாம். நம் வரையாடுகளோ துண்டு துண்டாகக் கிடக்கின்றன. அக்காமலைப் புல்வெளியிலும் முக்கூர்த்தியிலும் பெரிய மந்தைகள் உள்ளன. மற்ற இடங்களில் ஒரு குன்றுக்குப் பத்துப் பதினைந்து என்று ஒதுங்கி நிற்பவையே மிகுதி. அத்தகைய கூட்டத்தில் ஒரு நல்ல கிடா போனாலும் இழப்புப் பெரிது.

அச்சம் இல்லாததால் வேறு ஆபத்துகள் வந்துவிட்டன. கண்டதைத் தின்கிறது, வண்டியில் அடிபடுகிறது, செல்பி எடுப்பவர் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார். இதற்கு வேட்டைச் சட்டத்தில் வழி இல்லை. அந்த வளைவில் வண்டியை நிறுத்தவே விடக் கூடாது என்பது என் கருத்து. சுற்றுலாவை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள் என்மேல் கோபப்படுவார்கள், படட்டும்.

பதில் 4: காங்கயம் கால்நடை மருத்துவர்

வேட்டையையும் பனியையும் பேசிய நண்பர்கள் நோயை விட்டுவிட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

வரையாட்டை இமயமலைத் தார் ஆட்டின் உறவு என்றுதான் நெடுங்காலம் வகைப்படுத்தியிருந்தார்கள். 2005-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அது செம்மறி இனத்துக்கே நெருக்கமானது என்று காட்டியபின் அதற்குத் தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். ஆகவே தோப்புக்காரர் காட்டுச் செம்மறியோடு இதை ஒப்பிட்டது பொருத்தமே.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெருங்கொம்புச் செம்மறி என்ற இன்னொரு காட்டினம் இருக்கிறது. அங்குப் பொது நிலத்தில் வீட்டுச் செம்மறிகளை மேய்க்கவும் உரிமம் தருகிறார்கள். வீட்டு ஆடு தன் மூக்கில் மைக்கோபிளாஸ்மா வகைக் கிருமியை வைத்துக்கொண்டே நலமாகத் திரியும். அதே கிருமி காட்டு ஆட்டுக்குப் போனால் நுரையீரல் அழற்சி வந்து, வயது வேறுபாடின்றி மந்தையே சாய்கிறது. அதோடு முடிவதில்லை. பிழைத்த பெட்டைகள் கிருமியைச் சுமந்திருப்பதால், அடுத்தடுத்த ஆண்டுகளில் பிறக்கும் குட்டிகள் கோடையிலேயே செத்துவிடுகின்றன. அந்த மலையில் வேட்டையை எத்தனை ஆண்டு நிறுத்தினாலும் குட்டி நிற்காது. மேய்ச்சல் உரிமத்தை மாற்றி இரண்டு மந்தைகளையும் விலக்கி வைப்பதே அங்கு வழியாயிற்று.

நம் ஊரில் நான் அஞ்சுவது ஆட்டுக்கொல்லி நோய்க்கு. பட்டியில் இது புகுந்தால் எப்படி இருக்கும் என்பது செம்மறி வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: கண் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும், மூக்கிலிருந்து வடிவது காய்ந்து துளையை அடைத்துவிடும், வாய்க்குள் தவிடு தூவியதுபோல் வெள்ளை படியும், பிறகு கழிச்சல். இளங்குட்டிகள் சில நாட்கள் தாங்கினால் அதிகம். இந்த நோய் வீட்டு ஆடுகளிலிருந்து பரவித்தான் 2016-17 குளிர்காலத்தில் மங்கோலியாவின் சைகா மான்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. அங்கே காட்டு ஆடுகளும் செத்தன.

ஆகவே ஆனைமலை, சிறுவாணி, நீலகிரி அடிவாரங்களில் மேயும் ஒவ்வொரு வெள்ளாட்டுக்கும் செம்மறிக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் காப்பு இருக்கும். மருந்துக்கும் பஞ்சமில்லை, மலையடிவாரத்து ஒற்றை வீட்டுக்காரர்களின் நான்கைந்து ஆடுகள் முகாமுக்கு வந்து சேராமல் விடுபட்டுப்போவதுதான் சிக்கல். தடுப்பூசிக் குழுதான் அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தின் அளவையும் மறக்க வேண்டாம். எங்கள் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் காடு வைத்திருப்பவர், கொழுக்கட்டைப் புல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஆடு விடலாம் என்று முடிவு செய்வார்; ஆட்டை விற்காமல் வைத்திருப்பதால் மட்டும் பட்டி பெருகிவிடாது. மலைக்கும் அதே கணக்குத்தான்.

கேள்வி கேட்டவர்: பொள்ளாச்சித் தோப்புக்காரர்

மருத்துவர் ஐயாவுக்கு மிக்க நன்றி. நோய் பற்றி நான் எண்ணியே பார்க்கவில்லை. மலையின் புல் என்று தாங்கள் சொன்னதை நீலகிரிப் பக்கத்து நண்பர் யாராவது விரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். 1,031, 1,303 பற்றிய என் இரண்டாவது ஐயமும் அப்படியே நிற்கிறது.

பதில் 5: குந்தாக்காரர்

தோப்புக்கார அண்ணாவுக்கு வணக்கம். தடைக்கு முந்தைய கதையிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைக்காரர்கள் இந்த மலையில் கணக்கு வழக்கில்லாமல் வரையாட்டைச் சுட்டார்கள். முதுகில் வெள்ளி படர்ந்த முதிர்ந்த கிடாதான் அவர்களுக்குப் பெருமை. ஆடு அருகிவருவது தெரிந்ததும் 1877-இல் அவர்களே வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1879-இல் நீலகிரிக்கென்று தனிச் சட்டம் வந்து, உரிமமும் வேட்டை கூடாத பருவமும் நடைமுறைக்கு வந்தன. ஆக, அலாஸ்காவில் இப்போது பேசுவதை நம் மலை 140 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. கேரளத்து இரவிகுளத்தில் வரையாடு தப்பிப் பிழைத்ததற்கும், தேயிலைத் துரைமார்கள் தங்கள் வேட்டைக்காக அந்தப் புல்வெளியை ஒதுக்கி, முதுவர் பழங்குடியினரைக் காவல் வைத்ததே தொடக்கம். 1975-இல் அது சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. இன்றும் வேறெந்த ஒற்றை இடத்திலும் அவ்வளவு வரையாடு கிடையாது.

ஆனால் துப்பாக்கியைவிடப் பெரிய அடி மரத்தால் விழுந்தது. வெறும் புல்லாக, வீணாகக் கிடக்கிறதே என்று புல்வெளியைக் கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரத்தையும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் அரசே ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டது. சீகைப் பட்டை தோல் பதனிடப் போயிற்று, மரம் சிறுமுகை ரேயான் ஆலைக்கு இறங்கிற்று. அந்தத் தேவைகள் ஓய்ந்துபோன பிறகும் சீகை ஓயவில்லை. வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கிறது. மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டுகள் கழித்தும், ஒரு தீ பட்டால் கூட்டமாக முளைக்கிறது. மரத்தடியில் புல் இல்லை, ஆட்டுக்கு ஓடித் தப்பப் பார்வையும் இல்லை. வரையாடு பாறைச் சரிவை ஒட்டிய திறந்த வெளியில்தான் மேயும். புலியையும் சிறுத்தையையும் செந்நாயையும் தொலைவிலேயே கண்டு பாறைக்கு இறங்கிவிடும். சீகை அடர்ந்த ஒரு பள்ளத்தைக் கடந்து அடுத்த குன்றுக்கு அது போகத் துணியாது. அதனால்தான் வால்பாறை நண்பர் சொன்ன பத்துப் பதினைந்து ஆடுகள் அங்கங்கே சிறைப்பட்டு நிற்கின்றன. முக்கூர்த்தி 1982-இல் சரணாலயமாகவும் 1990-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனபோது, இந்த மரங்களும் சேர்ந்தேதான் காப்புக்குள் வந்தன!

25 கோடித் திட்டத்தின் தேவை இங்குதான் இருக்கிறது. அதில் அப்பர் பவானிப் பக்கம் புல்வெளியை மீட்டெடுக்கும் வேலை உண்டு, ஆடு முன்பு வாழ்ந்த இடங்களில் மறுபடி விடும் எண்ணமும் உண்டு. என்னைக் கேட்டால், புல் வராமல் ஆட்டைக் கொண்டுபோய் விடுவது அவசரம். சீகையை அகற்றுவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையும் அன்று. நாற்றுகளைத் தொடர்ந்து பிடுங்க ஆள் வேண்டும், கூலி வேண்டும்.

கணக்கெடுப்புப் பற்றி: வரையாடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், அதிலும் பல முதல் ஆண்டைத் தாண்டாது. எனவே ஓர் ஆண்டில் 272 கூடியதை முழுவதும் பிறப்பாகக் கொள்ள முடியாது என்பது என் எண்ணம். 2024-இல் நடந்தது முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு. மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்ச் சரிவில் நிற்கும் மந்தையே தெரியாது. இரண்டாம் முறை ஆட்களுக்குப் பழக்கம் கூடியிருக்கும். இப்படி ஏழெட்டு ஆண்டுகள் தொடர்ந்து, ஒரே முறையில், ஒரே இடங்களில் எண்ணினால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்ல முடியும். 1975-இல் இந்த ஆட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வைச் செய்தவர் இ. ஆர். சி. டேவிதார், அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7-ஐ வரையாடு நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

மொத்த எண்ணிக்கையைவிட, 100 பெட்டைக்கு எத்தனை குட்டி நிற்கிறது என்ற கணக்கை ஒவ்வொரு குன்றுக்கும் தனித்தனியாக வெளியிட்டால் நமக்கு அதிகம் விளங்கும். அலாஸ்காவிலும் ஆடு எண்ணுகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அடுத்த கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைக் கூப்பிட்டால், தோப்புக்கார அண்ணாவும் வாருங்கள். மழைக்கோட்டும் அட்டைக்கு உப்பும் கட்டாயம் எடுத்து வாருங்கள்.