பெஞ்சமின் வீட்டை விட்டுப் போனது சரிதானா?

கடலோரன்:
நேற்று ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து 'தி கியூரியஸ் கேஸ் ஆஃப் பெஞ்சமின் பட்டன்' (2008) பார்த்தேன். இரண்டே முக்கால் மணி நேரப் படம், நடுவில் எழுந்திருக்கவே தோன்றவில்லை. கிழவனாகப் பிறந்து நாளாக நாளாக இளமையாகிக்கொண்டே போகிறவன், சிறுமியாக இருந்தபோதே அவனுக்கு அறிமுகமான டெய்சி, நாற்பதை ஒட்டி இரண்டு பேருக்கும் வயது ஒத்துப்போகிற அந்தக் கொஞ்ச காலம், எல்லாம் மனதில் அப்படியே நிற்கிறது. ஆனால் மகளுக்கு ஒரு வயது ஆனதும், அப்பா விட்டுப்போன பொத்தான் தொழிற்சாலை உட்பட எல்லாவற்றையும் விற்றுப் பணத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறானே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. காதலித்தவன் செய்கிற காரியமா அது? உங்களுக்கு எப்படித் தோன்றியது?

பழைய வானொலி:
எனக்கும் அந்த இடம் உறுத்தியது. அப்புறம் மூலக்கதையைப் படித்தேன். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1922-இல் எழுதியது, பால்டிமோரில் நடக்கிறது. அதில் டெய்சியே கிடையாது. பெஞ்சமினின் மனைவி பெயர் ஹில்டகார்ட், அவளுக்கு வயதாக ஆக இவனுக்கு அவள்மேல் இருந்த பிரியமே வற்றிப்போகிறது. அந்தக் கதையை எடுத்துக்கொண்டு இப்படி ஒரு காதலை எரிக் ராத் எழுதியிருக்கிறார் என்றால், அந்தத் திரைக்கதை வேலை நடந்த காலத்தில்தான் அவர் தாயையும் தந்தையையும் இழந்தார். படத்தில் சாவு இத்தனை நிதானமாக வந்துபோவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

துளசிமாடம்:
அண்ணா, அவன் போனது தப்புதான், ஆனால் டெய்சி பிறகு செய்ததைப் பாருங்கள். பன்னிரண்டு வயதுப் பையன் தோற்றத்தில், ஞாபகமெல்லாம் போன நிலையில் அவன் திரும்பக் கிடைக்கிறான். அவன் வளர்ந்த அதே முதியோர் இல்லத்துக்குக் குடிவந்து, கையைப் பிடித்து நடக்க வைத்து, கடைசியில் கைக்குழந்தையாக மடியில் ஏந்திக்கொள்கிறாளே. எங்கள் தாத்தாவுக்குக் கடைசி மூன்று வருஷம் பாட்டியை அடையாளம் தெரியவில்லை. "யாரம்மா நீ, நல்ல பிள்ளையா இருக்கியே" என்பார். பாட்டி பதில் சொல்லாமல் ரசம் சாதத்தை இன்னும் கொஞ்சம் குழையப் பிசைந்து ஊட்டுவார், வாயோரம் வழிவதை முந்தானையால் துடைப்பார். ஒருநாள் துடைத்த கையைத் தாத்தா இறுகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவேயில்லை. குழந்தை பெஞ்சமின் கண்ணை மூடுவதற்கு முன் டெய்சியை ஒரு பார்வை பார்ப்பான் இல்லையா, அங்கே எனக்குத் தாத்தாவின் பிடிதான் ஞாபகம் வந்தது.

ரீல்பெட்டி:
ஒப்பனை, காட்சி விளைவுகள், கலை இயக்கம் என்று மூன்று ஆஸ்கர் வாங்கிய படம். முதல் ஐம்பது நிமிடம் போல நாம் பார்க்கிற பெஞ்சமினின் தலை கணினியில் உருவாக்கி வேறு நடிகர்களின் உடம்பில் பொருத்தியது. ஆனாலும் அந்தக் கிழக்கண்ணில் ஒரு சின்னப் பையனின் ஆசை தெரிகிறதே, எத்தனை தடவை பார்த்தாலும் அசந்துபோவேன்.

கடலோரன்:
துளசிமாடம், உங்கள் பதிலை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவன் போனதில் எனக்கு இன்னும் கோபம்தான். கடைசி அரைமணி நேரத்தை மட்டும் இன்று ராத்திரி மறுபடி பார்க்கப்போகிறோம்.