‘லேஅவுட்’டுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சுங்கை சிப்புட் (மலேசியா), திங்கள் காலை

வணக்கம். இங்கே சனிக்கிழமைதோறும் இளையோருக்கு இணையதளம் கட்டும் மென்பொருளான ட்ரூபலைச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் ரப்பர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிவந்த வீட்டுப் பிள்ளைகள். அடுத்த பாடம், பக்கத்தில் எது எங்கே வரும் என்று சொல்லும் லேஅவுட்டைச் சொந்தமாக எழுதுவது. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

‘தளவமைப்பு’ என்றுதான் எழுதியிருந்தேன். போன வாரம் “தளவமைப்பைத் திறங்கள்” என்றேன். பாதிப்பேர் தளத்தின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. தளம் + அமைப்பு: மகர ஈறு கெட்டு வகர உடம்படுமெய் வந்தால் தளவமைப்பு, பிரித்து எழுதினால் தள அமைப்பு. ஒரே ஒரு வகரத்தை நம்பி இரண்டு பொருளை விட்டுவைத்திருக்கிறோம்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ட்ரூபலில் நாம் சேர்க்கும் நிரற்கூற்றின் (மாட்யூல்) கோப்புறையில் ‘லேஅவுட்ஸ்.ஒய்எம்எல்’ என முடியும் ஒரு கோப்பு. அதில் பெயர், வகை, வார்ப்புரு (டெம்ப்ளேட்), பகுதிகள் (ரீஜன்). எந்தப் பகுதி எங்கே விழும் என்பதை ட்விக் மொழியில் எழுதிய வார்ப்புரு பார்த்துக்கொள்ளும். தேக்ககத்தைத் (கேஷ்) துடைத்தால், பக்கம் அமைக்கும் கருவியான லேஅவுட் பில்டரின் பட்டியலில் நம்முடையதும் வந்து நிற்கும். உள்ளே வருவது கவிதையா கணக்கா என்று அதற்குத் தெரியாது. இடம் ஒதுக்குவதே அதன் வேலை.

ஈப்போ, திங்கள் இரவு

ஆசிரியருக்கு வணக்கம். கடைசி இரண்டு வரியில் விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அது யாப்பு. யாத்தல் என்றால் கட்டுதல். வெண்பாவில் அறத்தைப் பாடினாலும் அங்கதத்தைப் பாடினாலும் ஈற்றடி முச்சீர்தான். இலங்கையில் அரசியலமைப்பையே ‘அரசியல் யாப்பு’ என்கிறார்கள். எலும்பும் நரம்பும் சேர்த்துக் கட்டியதால் உடம்புக்கு யாக்கை என்று பெயர். நரம்பு கட்டிய யாழும் இந்த வேரில் வந்ததென்றே நான் எண்ணுகிறேன். அதைத் தனியாக எழுதுகிறேன்.

கிள்ளான், செவ்வாய்

ஐயா, யாப்பு அழகான சொல். ஆனால் பாடத்தில் சிக்கிய பிள்ளை அதை இணையத்தில் தேடினால் அசையும் தளையும்தான் கிடைக்கும். தளவமைப்பு என்று தேடினால் வேண்டியது கிடைக்கும். ஏற்கெனவே பல மென்பொருள்களில் புழங்குகிற சொல் அது. ஊருக்கு ஒரு சொல் ஆக்கினால், நம் பிள்ளை அடுத்த ஊருக்கு வேலைக்குப் போகும்போது அங்குள்ளவர்களோடு பேச முடியாது. எங்கள் அலுவலகத்தில் மலாயில் ‘சுசுன் ஆத்தூர்’ என்கிறோம், எல்லாருக்கும் புரிகிறது. புரியாத தூய்மையை நான் ஏற்கமாட்டேன்.

சுங்கை சிப்புட், செவ்வாய் இரவு

அக்கா சொல்வது சரி. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஒய்எம்எல் கோப்பில் லேஅவுட்டுக்குச் சின்னம் வரையவும் ஓர் இடம் உண்டு. முதல் வரியில் ‘மேல்’, அடுத்த வரியில் ‘இடம், வலம்’, கடைசியில் ‘கீழ்’ என்று எழுதினால் படம் தானாக வரும். இதை விளக்கியபோது ஒரு பெண், “நெரை மாதிரி இருக்கு ஐயா” என்றாள். தோட்டத்தில் ரப்பர் மர வரிசைக்கு நிரை என்று பெயர். அவள் பாட்டி மரம் சீவியவர். என் அப்பாவும்தான். விடியுமுன் தலைவிளக்கோடு நிரையில் ஏறியவர்கள் வீட்டில் இந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘நிரையமைப்பு’ என்றால் என்ன?

ஈப்போ, புதன்

நிரை என்பது யாப்பின் ஓர் அசை. உறுப்பின் பெயரை முழுமைக்கு இடலாமா?

தைப்பிங், புதன்

இடலாம் ஐயா, சினையாகுபெயர். வெற்றிலை நட்டான் என்கிறோமே. என் தடை வேறு. கணிதத்தில் கிடைவரிசை நிரை, நிமிர்வரிசை நிரல். கணினியில் நிரல் என்றால் புரோகிராம். ஒரே பக்கத்தில் நிரல், நிரற்கூறு, நிரை, நிரையமைப்பு என்று வந்தால் பிள்ளை எதைப் பிடிக்கும்? தோட்டச் சொல்தான் வேண்டும் என்றால் ‘லயம்’ இருக்கிறது. வீடுகளை ஒழுங்காக ஒதுக்கிய அமைப்பு, ஆலயம் என்பதிலும் அதே லயம்தான்.

கிள்ளான், புதன் இரவு

தோட்டத்து லயம் ஆங்கில ‘லைன்’ஸில் வந்தது, ஐயா. வரிசை வீடுகளை வெள்ளைக்காரத் துரைமார் அப்படி அழைத்தார்கள், நம்மவர் வாயில் லயன், லயம் ஆயிற்று. கோயிலோடு அதற்கு உறவில்லை. ஒண்டிக் குடியிருந்த வீட்டின் பெயரை என் பாடப்புத்தகத்தில் நான் வைக்கமாட்டேன்.

சுங்கை சிப்புட், வியாழன் இரவு

கேட்டவர்களில் நால்வர் தளவமைப்புக்கே கைதூக்கினார்கள். கையேட்டில் ‘பக்கத் தளவமைப்பு’ என்று போடுகிறேன். முன்னே ‘பக்க’ வந்தால் அமைப்புகள் பக்கத்துக்கு யாரும் ஓடமாட்டார்கள். சின்னத்தின் வரிகளுக்கு நிரை என்றே வைத்துவிட்டேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஈப்போ, வியாழன் இரவு

அச்சாகட்டும் தம்பி. யாப்பு என்பதே சரி என்ற என் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

தைப்பிங், வெள்ளி காலை

அச்சுக்குப் போய்விட்டதா? நாலாம் பக்கத்தில் ரீஜனுக்கும் பகுதி, ஒரு லேஅவுட் போட்ட பக்கத்துண்டான செக்‌ஷனுக்கும் பகுதி என்று இருக்கிறது. ஒரு செக்‌ஷனுக்குள் பல ரீஜன் உண்டே.