"குன்னூர் ரோடு இப்போ" வீடியோ: நம்பினவங்க எத்தனை பேர்?

கேத்திமேடு:
ஆகஸ்ட்ல சுத்தின மண்சரிவு வீடியோதான். மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோடுன்னு போட்டிருந்தாங்க. 14-வது விநாடியில நிறுத்திப் பாருங்க, சேத்துக்குள்ள ஒரு மைல்கல், தலை பச்சை. குன்னூர் ரோடு தேசிய நெடுஞ்சாலை 181, அங்க கல்லுத் தலை மஞ்சளா இருக்கணும். பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை. அந்தப் பச்சைத் தலை இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

தேவாலா மழை:
அண்ணே, கல்லு இடத்தைத்தான் சொல்லும், தேதியைச் சொல்லாது. முதல்ல மாசத்தைப் பாக்கணும். ஆகஸ்ட் தென்மேற்குப் பருவம். அது கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம்தான் கொட்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்குப் பெரிய மழை அக்டோபர்–டிசம்பர்ல. 2009 நவம்பர்ல கேத்தி, 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சி, ரெண்டும் ஒரே நாள்ல 80 செ.மீ. தாண்டுச்சு. இந்த ரெண்டு வருஷத்துப் படங்களும் மாறி மாறி வரும். அளவையும் பாருங்க. மி.மீ.யை செ.மீ.னு எழுதினா பத்து மடங்கு. "இன்னைக்கு மழை"னு வர்ற கணக்கு, நேத்து காலை 8.30-லிருந்து இன்னைக்கு காலை 8.30 வரைக்கும் பெஞ்சது.

குறிஞ்சி12:
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். வாட்ஸ்அப்ல வந்த படத்துல எடுத்த தேதி பெரும்பாலும் இருக்காது, அனுப்பும்போதே அழிஞ்சிடும். போன்ல தெரியுறது நமக்கு வந்த தேதி. வீடியோவுல நாலு இடத்துல ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. மேல ஒட்டின எழுத்து, லோகோ எல்லாம் வெட்டிட்டு படத்தை வச்சே தேடுற கூகுள் லென்ஸ்ல போடுங்க. சிக்கலேன்னா இடம் வலமாத் திருப்பிப் போடுங்க. கடைப் பலகை எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி இடம் வலமா மாறித் தெரிஞ்சா யாரோ வேணும்னே திருப்பியிருக்கலாம். பழைய பிரதி கிடைச்சா பொய்னு முடிவு பண்ணலாம். கிடைக்கலேன்னா புதுசுன்னு முடிவு பண்ணக் கூடாது. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. மியூட்ல ஒரு தடவை பாருங்க, இடிச் சத்தம் பின்னால ஒட்டினதா இருக்கலாம்.

பூம்பாறை:
வீடியோ மட்டுமில்ல, போலி இணையதளமும் சுத்துது. "அரசுத் தளம்னா முகவரியில ஜிஓவி டாட் இன் இருந்தாத்தான் நம்பு"ன்னு சொல்ற விதி கொடைக்கானல்ல உதைக்குது. 2024 மே 7-ல சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தப்ப உண்மையான முகவரியே டிஎன்இஜிஏ டாட் ஆர்க். பாஸ் இலவசம். காசு கேட்டா போலி, அவ்வளவுதான். மாவட்ட நிர்வாகத் தளத்துல இருக்கிற இணைப்பு வழியா போங்க, தேடல்ல மேல வர்ற விளம்பரத்தைத் தொடாதீங்க.

தேவாலா மழை:
நனைஞ்ச மஞ்சள் கேமராவுல பச்சையாத் தெரியலாமே, கேத்திமேடு அண்ணே.

கேத்திமேடு:
நிறத்தை விடுங்க தம்பி, எழுத்தைப் படிங்க. கல்லுலயே "கோத்தகிரி 11"னு இருக்கு.