நவம்பர் கடைசியில வெளியில சின்னக் கலியாணம்: மழைக்கு என்ன ஆயத்தம்?

முருங்கையிலை:
வணக்கம். மண்டபமும் இல்லை, கார்ட்டும் இல்லை. ரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பேரோட கலியாணத்தை முடிக்க யோசிக்கிறம். ரண்டு வீட்டுக்காரருக்கும் சம்மதம், ஊருக்குத்தான் பிறகு சொல்லுறதா இருக்கு. அவருக்குக் கொழும்பில வேலை, லீவு நவம்பர் 18 இலயிருந்து டிசம்பர் 10 வரைக்கும்தான். நான் யாழ்ப்பாணத்தில.

கசூரினா கடற்கரையில பின்னேரம் ஐஞ்சு மணிக்கு எழுத்து (கலியாணப் பதிவு), தாலிகட்டு, சின்ன ஓமம் எல்லாத்தையும் ஒண்டாச் செய்யலாம் எண்டு நினைச்சம். 10×10 அடி மடக்குப் பந்தல் ஒண்டு காணுமோ? பதிவாளர் கடற்கரைக்கு வருவாரோ? கூறைச் சேலை நனைஞ்சால் என்ன செய்யிறது? “மண்டபம் எடுங்கோ” எண்ட பதில் மட்டும் வேண்டாம்.

எழுத்துமேசை:
தங்கச்சி, எழுத்தை ஒரு நாளும் தாலிகட்டை இன்னொரு நாளும் வையுங்கோ. மழைக்காலத்தில ரண்டையும் ஒரே மணித்தியாலத்தில அடைக்கிறதுதான் பிழை. ஒண்டு சட்டத்துக்குக் கட்டுப்பட்டது, மற்றது வானத்துக்கு.

நீங்கள் ரண்டு பேரும் வேற வேற பதிவுப் பிரிவில இருக்கிறியள். அப்ப ரண்டு பிரிவுப் பதிவாளரிட்டயும் அறிவித்தல் குடுக்கவேணும். அதுக்கு முதல் 10 நாள் அந்தந்தப் பிரிவில வசிச்சிருக்கவேணும். அறிவித்தல் பதிஞ்சு 12 நாள் கழிச்சுத்தான் சான்றிதழ் தருவினம், அறிவித்தலிலயிருந்து 3 மாதத்துக்குள்ள எழுத்து முடியவேணும். லீவில வந்திறங்கின பிறகு அலுவல் தொடங்கினால் லீவில பாதி காத்திருக்கிறதிலயே போயிடும். ஒக்ரோபர் கடைசியில அவர் கொழும்பிலயும் நீங்கள் இஞ்சையும் குடுத்து வைச்சால் 18 ஆம் திகதிக்கு எல்லாம் கையில இருக்கும்.

பதிவாளர் தன்ர அலுவலகத்துக்கு வெளியில வந்து எழுதுறதெண்டால் அனுமதிப்பத்திரம் வேணும். அது கிடைச்சாலும் கடற்கரை சரிவராது. பதிவேடு கையால மையில எழுதுறது, ஒரு துளி விழுந்தாலும் எழுத்துக் கலங்கும். நேரமும் காலமை 6 இலயிருந்து பின்னேரம் 6 மணிக்குள்ள. அந்த நாட்களில ஆறு மணிக்கு முதலே பொழுது பட்டிடும், மப்பெண்டால் ஐஞ்சரைக்கே ரோச் அடிச்சுத்தான் கையெழுத்து வைக்கவேணும். அலுவலகத்திலயே ரண்டு சாட்சியோட ஒரு வேலைநாள் காலமை முடியுங்கோ. பிறகு தாலிகட்டு எந்த நாள், எந்த இடம் எண்டாலும் சட்டத்துக்கு அதில வேலை இல்லை.

பந்தல்கட்டு:
மடக்குப் பந்தல் காணும், ஆனால் கசூரினாவில காணாது.

கசூரினா காரைநகரின்ர வடக்குக் கரை. அந்த மாதங்களில காத்து வடகிழக்கிலயிருந்து நேர முகத்தில அடிக்கும். கணக்கைப் பாருங்கோ: 10×10 அடி எண்டால் 9.3 சதுர மீற்றர். மணிக்கு 40 கிலோமீற்றர் காத்துக்கு அந்தக் கூரையை 70 கிலோ அளவில தூக்கிற விசை வரும். பந்தலின்ர சொந்தப் பாரம் இருபது, இருபத்தைஞ்சு கிலோதான். கூட வாற கம்பி முளை ஈரமணலில பிடிக்காது, சும்மா உருவிக்கொண்டு வரும்.

மணலில செய்யிற முறை இது. 50 கிலோ உரப்பையில முக்கால்வாசி மணல் நிரப்பி, நடுவில கயிற்றைக் கட்டி, ரண்டடி ஆழத்தில படுக்கையாப் புதைச்சு மிதிக்கவேணும். காலுக்கு ஒண்டு, கயிறு 45 பாகையில வெளிப்பக்கமா. நைலோன் கயிறு நனைய இழுபடும், அரை மணிக்கொருக்கால் இறுக்குங்கோ. காத்து 40 ஐத் தாண்டினால் இறுக்கிக்கொண்டு நிக்காமல் கூரையைக் கழட்டுங்கோ.

அடுத்தது தேங்கிற தண்ணி. ஒரு சதுர மீற்றர் குழியில 3 சென்ரிமீற்றர் நிண்டால் 30 லீற்றர், அதாவது 30 கிலோ. மடக்குச் சட்டம் அதிலதான் முறியிறது. காத்துக்கு மற்றப் பக்கத்து ரண்டு காலையும் ஒரு துளை இறக்கி விடுங்கோ, தண்ணி அந்தப் பக்கத்தால ஓடும்.

கடல்தான் வேணுமெண்டால் வேலணையில சாட்டி. அது தீவின்ர தெற்குக் கரை, வடகிழக்குக் காத்துக்குத் தீவே மறைப்பு. நவம்பரில சூரியன் தென்மேற்கில விழும். கசூரினாவில அது கரைப்பக்கத்து மரங்களுக்குப் பின்னால போயிடும், கடலில விழாது. இதை யோசிக்காமல்தான் எல்லாரும் அங்க ஓடுகினம். எந்தக் கரையெண்டாலும் பிரதேச சபையிட்ட முதலே கேட்டு வையுங்கோ.

என்னைக் கேட்டால் பந்தலே வேண்டாம். தெரிஞ்ச ஆக்களிட்ட பழைய நாற்சார் வீடு இருக்கோ எண்டு விசாரியுங்கோ. நடுமுற்றம் வானத்துக்குத் திறந்தது, நாலு பக்கமும் உயர்த்தின திண்ணை, தாழ்வாரம். பன்னிரண்டு பேர் நனையாமல் இருந்து, முற்றத்தில மழை விழ விழத் தாலி கட்டலாம். முதல் நாள் கூரைத் தண்ணி வழியிற பீலியில கிடக்கிற சருகை வழிச்சு, முற்றத்துத் தண்ணி வெளிய போற துவாரத்தில ஒரு வாளி ஊத்திப் பாருங்கோ. அது அடைச்சிருந்தால் கால் மணித்தியாலப் பெருமழைக்கே முற்றம் கேணியாகிடும்.

ஓமத்தைப் பொலியெஸ்ரர் கூரைக்குக் கீழ வைக்காதேங்கோ, நெய் விடேக்க எழும்புற சுவாலைக்கே உருகும். ஒரு அடித் தகரக் குண்டம், அதுக்குக் கீழ காஞ்ச செங்கல்லு. ஈரச் சுண்ணக்கல்லை அடுக்கினால் சூட்டுக்கு வெடிச்சுத் தெறிக்கும். சமித்தும் சிரட்டையும் இறுக்கமான மூடி போட்ட தகரப்பேணியில வரட்டும். பத்தவைக்கப் பன்னாடையும் கற்பூரமும் காணும். குத்துவிளக்கை மூண்டு பக்கம் மறைச்சு வையுங்கோ.

ஈரக்கமெரா:
கூறை பட்டெண்டால் மழைத்துளி பட்ட இடமெல்லாம் வட்டமாக் கறை நிக்கும், கடுஞ்சிவப்புச் சாயம் இளகி வெள்ளை வேட்டியிலயும் ஏறும். வரேக்க பருத்திச் சேலையோட வந்து, கூறையைப் பொலித்தீனில சுத்திக் கொண்டுவந்து, கூரைக்குக் கீழ நிண்டு மாத்துங்கோ. சேலைக் கரையை வழமையை விட ரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டவேணும். வலிகாமத்துச் செம்மண் பட்டில ஏறினால் லேசில போகாது. நனைஞ்சால் மடிக்காமல் நிழலில விரியுங்கோ.

குடை வெள்ளையா இல்லாட்டி ஒளி ஊடுருவிறதா இருக்கவேணும். சிவப்புக் குடைக்குக் கீழ முகமும் சிவப்பா வரும், கறுப்புக் குடைக்குக் கீழ முகம் இருண்டிடும். பன்னிரண்டு பேருக்கு ஏழு குடை காணும்.

படமெடுக்கிறவருக்கு ரண்டு விஷயம் சொல்லுங்கோ. ஏசி வாகனத்திலயிருந்து எடுத்த கமெரா வில்லையில உடன ஆவி படியும், இருபது நிமிசம் முதலே பையோட வெளியில வைக்கவேணும். மழை படத்தில தெரியவேணுமெண்டால் வெளிச்சம் மணமக்களுக்குப் பின்னாலயிருந்து வரவேணும். முன்னாலயிருந்து பிளாஷ் அடிச்சால் வில்லைக்குக் கிட்ட விழுற துளியெல்லாம் வெள்ளைப் பொட்டாகிடும். துளி உறைஞ்சு நிக்க 1/500 செக்கன், கோடாத் தெரிய 1/60.

முருங்கையிலை:
எல்லாருக்கும் நன்றி. எழுத்தைத் தனியா வைக்கிறம். நாற்சார் வீடு ஒண்டு கேக்கலாம் போல கிடக்கு. ஆனால் ஐயர் ஒரே ஒரு முகூர்த்தம்தான் தந்தவர், டிசம்பர் 3. அண்டைக்குப் பெருமழையெண்டால்?

வடகீழ்க்காத்து:
திரும்பப் போய் மூண்டு முகூர்த்தம் கேளுங்கோ, ஒரு கிழமை இடைவெளிக்குள்ள. டிசம்பர் நடுவில மார்கழி பிறந்தால் நாளே இல்லை, அதால கார்த்திகை மாசத்துக்குள்ளதான் எடுக்கவேணும். நவம்பர் 21 இலயிருந்து 27 வரைக்கும், போரில இறந்த போராளியளை நினைவுகூருற மாவீரர் வாரம், இஞ்ச கனபேர் அந்தக் கிழமை நல்ல காரியம் வைக்காயினம். அதையும் ஐயரிட்ட சொல்லி வையுங்கோ.

2008 இல நிஷா புயல் நவம்பர் கடைசியில, 2020 இல புரேவிப் புயல் டிசம்பர் தொடக்கத்தில. ரண்டும் உங்கட லீவுக்குள்ள விழுற நாட்கள். ஆனால் வங்காள விரிகுடாத் தாழமுக்கம் ஒரு மணித்தியாலத்தில வந்து குதிக்கிறதில்லை, மூண்டு நாலு நாளுக்கு முதலே தெரியும். வளிமண்டலவியல் திணைக்களம் வடக்குக்கு 100 மில்லிமீற்றருக்கு மேல எண்டு போட்டால் யோசிக்காமல் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளுங்கோ. வெறும் “அவ்வப்போது மழை” எண்டால் நாற்சார் வீட்டில தாராளமாச் செய்யலாம்.

அண்டைக்கு இந்திய வானிலைத் துறையின்ர காரைக்கால் ரேடார் படத்தைத் திறந்து வையுங்கோ, யாழ்ப்பாணம் அதுக்குள்ள வரும். பருவமழையின்ர பட்டைகள் பெரும்பாலும் வடகிழக்குக் கடலிலயிருந்து தென்மேற்காத்தான் நகரும். அடுத்தடுத்த ரண்டு படத்தை வைச்சு வேகத்தைக் கணிச்சால், பட்டை 30 கிலோமீற்றர் தள்ளி 30 கிலோமீற்றர் வேகத்தில வந்தால் உங்களுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கு. ஐப்பசி மாதிரிப் பின்னேர இடிமழை டிசம்பரில குறைவு, இரவும் விடியப்புறமும்தான் கூட. அதால ஐஞ்சு மணியை விடக் காலமை பத்து, பதினொண்டு நல்லது, வெளிச்சமும் மிஞ்சும்.

மின்னலுக்கு விட்டுக்குடுப்பு இல்லை. வெட்டினதிலயிருந்து 30 செக்கனுக்குள்ள முழக்கம் கேட்டால் அது 10 கிலோமீற்றருக்குள்ள. எல்லாரும் வீட்டுக்குள்ள, கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம். தனிப் பனைக்குக் கீழயோ கம்பிப் பந்தலுக்குக் கீழயோ நிண்டு படமெடுக்க வேண்டாம்.

“நாளைக்கோ, அடுத்த முகூர்த்தத்துக்கோ” எண்டதை முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரே ஒரு ஆள் சொல்லவேணும். அந்தப் பொறுப்பை மணமக்களிட்ட விடாதேங்கோ, மாப்பிள்ளைத் தோழனிட்ட குடுங்கோ. ஐயர், மாலைகட்டிறவர், வாகனக்காரர், சமையல்காரர், இந்த நாலு பேருக்கும் அந்த நேரம் முதலே தெரிஞ்சிருந்தால் முற்பணமும் சண்டையில முடியாது.